அந்தப் பெண்ணின் படத்தைத் துணியில் அச்சிடலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆடை வடிவமைப்பு படிக்கும் மாணவி ஒருவர் எனக்கு எழுதிய கேள்வி இது: "நூறு ஆண்டுக்கும் முந்தைய நேட்டால் அஞ்சலட்டை ஒன்றில், கரும்புத் தோட்டக் காலத்துத் தமிழ்ப் பெண் ஒருவர் நிற்கிறார். என் இறுதியாண்டுத் தொகுப்புக்காக அவர் படத்தைப் பட்டில் பெரிதாக அச்சிட நினைக்கிறேன். என் முன்னோரும் இப்படித்தான் இருந்திருப்பார்கள், இது அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்றுதான் நினைத்தேன். வகுப்புத் தோழி ஒருத்தியோ, 'அந்த அம்மாவை ஒருமுறை விற்றது போதாதா?' என்று கேட்டுவிட்டாள். யார் சொல்வது சரி?"

தோழி சொல்வதுதான் பெரும்பாலும் சரி, அம்மா. ஆனாலும் தொகுப்பைக் கைவிடச் சொல்ல மாட்டேன். பெண்ணை வைத்து எடுத்த படத்தையோ வரைந்த ஓவியத்தையோ பார்க்கும்போது, அழகாகக் காட்டியிருக்கிறார்களா, அடக்கமாகக் காட்டியிருக்கிறார்களா என்று நான் முதலில் பார்ப்பதில்லை. அந்தப் படத்தில் அவருக்கு என்ன உரிமை இருந்தது என்றுதான் பார்ப்பேன். உடுத்தியிருப்பது அவர் விரும்பி உடுத்தியதா? 'இப்படி எடுக்காதே' என்று சொல்ல அவருக்கு வாய் இருந்ததா? எடுத்த படம் யார் கைக்குப் போனது? அவர் வீட்டுச் சுவருக்கா, வேறு எங்கோ இருப்பவரின் ஆல்பத்துக்கா? தென்னாப்பிரிக்காவில் பெண்களின் படங்களை நெடுங்காலம் பார்த்துப் பழகியதில் இந்தக் கேள்விகளே எனக்கு உதவியிருக்கின்றன.

நீங்கள் அனுப்பிய பிரதியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் தொங்கும் திரையில் ஐரோப்பியத் தோட்டம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது: கல் கைப்பிடிச் சுவர், சைப்ரஸ் மரங்கள், தூரத்தில் ஓர் ஏரி. தரையில் விரித்த பாயின் ஓரம் சுருண்டு கிடக்கிறது. அவர் இடுப்பில் ஒரு கூடை. கூடையில் ஒன்றுமே இல்லை, ஒரு நார்கூடப் பிரியாத புதுக் கூடை. காய்கறி விற்கும் பெண்ணாகக் காட்ட ஸ்டூடியோக்காரர் கையில் கொடுத்திருக்க வேண்டும். இரண்டு கையிலும் முழங்கை வரை வெள்ளிக் காப்புகள், காதில் தண்டட்டி, இரு மூக்கிலும் மூக்குத்தி, காலில் தண்டை. அடியில் ஆங்கிலத்தில் 'கூலிப் பெண், நேட்டால்' என்று மட்டும் அச்சாகியிருக்கிறது. பெயரில்லை. அட்டையை அனுப்பியவர் அவருடைய பாதத்தைச் சுற்றி மையால் எழுதியிருக்கிறார்: வெயில் தாங்கவில்லை, அடுத்த கப்பலில் கிளம்புகிறேன் என்று. வாங்கியவருக்கு அந்தப் பெண் ஊர்க்காட்சிகளில் ஒன்று, அவ்வளவுதான்.

நகையை மட்டும் வேறு கண்ணால் பாருங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைக்கு வந்தது. அன்று முதல் 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளராக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,000க்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். தொடக்கத்தில் ஆணுக்கு மாதக் கூலி 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. கூலியோடு தந்த அரிசியிலும் பாதிதான். அந்தப் பாதிக் கூலியில் மிச்சம் பிடித்த வெள்ளிக் காசுதான் காப்பாகவும் தண்டையாகவும் உடம்பில் ஏறியது. எந்நேரமும் தோட்டம் மாற்றப்படலாம் என்னும் நிலையில் இருந்தவர், சேமிப்பை உடலோடு வைத்துக்கொண்டார். அஞ்சலட்டை வாங்கிய வெள்ளைக்காரருக்கு அது கீழைநாட்டு அலங்காரமாகத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தவரை, அந்தப் படத்தில் அவர் தாமே முடிவுசெய்து அணிந்திருக்கக்கூடியது அந்த நகை ஒன்றுதான். திரை, கூடை, தலைப்பு எல்லாம் பிறருடையவை.

இதே பெண்களைப் பற்றி எழுத்தாலான படங்களும் இருக்கின்றன. நேட்டால் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம் ஆகியவற்றோடு உடலில் உள்ள அடையாளமும் எழுதப்பட்டது. கன்னத்தில் தழும்பு, முன்கையில் பச்சை, நெற்றியில் மச்சம். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய வரிகள் அவை. மொரீஷியஸில் 1860களிலிருந்து புகைப்படமே எடுத்துப் பதிவேட்டில் ஒட்டத் தொடங்கினார்கள். அந்த ஆவணங்கள் மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. பதிவேடு கொடுமையான நோக்கத்தில் எழுதப்பட்டது என்றாலும் பெயரையும் ஊரையும் காப்பாற்றி வைத்தது. அஞ்சலட்டை இரண்டையும் தொலைத்துவிட்டது. இன்று நம் பிள்ளைகள் பாட்டனின் ஊரைக் கண்டுபிடிப்பது அந்தப் பட்டியல்களை வைத்துத்தான்.

இந்த மண்ணில் பெண்ணுடலைக் காட்சிப்பொருளாக்கிய கதை நம் கப்பலுக்கு முன்பே தொடங்கிவிட்டது. கோய்கோய் இனத்தைச் சேர்ந்த சாரா பார்ட்மனை 1810இல் லண்டனுக்குக் கொண்டுபோய்க் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டினார்கள். 1815இல் பாரிஸில் இறந்த பிறகும் விடவில்லை. அறிவியல் என்ற பெயரில் உடலை அறுத்தார்கள், வார்ப்பு எடுத்தார்கள், அந்த வார்ப்பையும் எலும்புக்கூட்டையும் 1970கள் வரை அருங்காட்சியகத்தில் நிறுத்தி வைத்தார்கள். 2002இல்தான் அவர் எச்சங்கள் திரும்பி வந்தன. ஆகஸ்ட் 9, பெண்கள் தினத்தன்று, கிழக்குக் கேப் மாகாணத்தின் ஹாங்கியில் அடக்கம் செய்தார்கள். அதற்கடுத்த தலைமுறைகளில் கேமரா அந்த வேலையைச் செய்தது. கிம்பர்லியில் வாழ்ந்த ஆல்ஃப்ரட் டக்கன்-குரோனின் நாடு முழுதும் சுற்றிக் கறுப்பின மக்களைப் படம் எடுத்தவர். 1928 முதல் பல தொகுதிகளாக வெளியிட்டார். ஒளியமைப்பு அபாரம், மறுக்க முடியாது. ஆனால் எதிரில் நின்றவர் அணிந்திருந்த மேலைநாட்டு உடையைக் கழற்றச் சொல்லி, தாம் கொண்டுபோன தோலையும் மணியையும் போட்டுக்கொள்ள வைத்து எடுத்த படங்கள் அவற்றில் உண்டு. அந்தப் பெண் அன்று காலை எதை உடுத்திக்கொண்டு வந்தார் என்பது படத்திலிருந்து துடைக்கப்பட்டுவிட்டது. ஆடை படிக்கும் நீங்கள் இதை மறக்கவே கூடாது.

கேமரா எப்போதும் பெண்ணுக்கு எதிரியாகவே இருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். 1913 மார்ச் 14 அன்று கேப் டவுனில் நீதிபதி சர்ல், கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணங்கள் செல்லாது என்னும் பொருள்படத் தீர்ப்புச் சொன்னார். ஒரே நாளில் நம் பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர்கள் ஆனார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்கள் மீதான மூன்று பவுண்டு தலைவரி வேறு கழுத்தை நெரித்தது. இவற்றை எதிர்த்துக் காந்தி நடத்திய போராட்டத்தில், டிரான்ஸ்வாலிலிருந்து அனுமதியின்றி எல்லை தாண்டிச் சிறை சென்ற பெண்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். கைக்குழந்தையோடு போனவர்களும் உண்டு. போராட்டம் முடிந்த 1914இல், காந்தி தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை ஒரு சிறப்பு மலர் வெளியிட்டது. சிறை சென்ற பெண்களின் உருவமும் பெயரும் அதில் இடம்பெற்றன. 'கூலிப் பெண்' என்ற தலைப்புக்குக் கீழே நிற்க வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள், தங்கள் பெயரோடு தங்கள் பத்திரிகையில் வந்தார்கள்.

அப்படிச் சிறை சென்றவர்களில் ஒருவரான வள்ளியம்மையின் உருவத்துக்கு நேர்ந்தது இன்னொரு வகை. அவர் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சல் கண்டு, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தார். அவரைப் படுக்கையில் கண்ட காந்தி, உயரமான பெண் என்பதால் மெலிந்த உடல் காணச் சகிக்காததாக இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். தமிழ்நாட்டில் நான் கண்ட ஓவியங்களில் அந்த மெலிவும் இல்லை, அந்த வயதும் இல்லை. கன்னம் நிறைந்த, தீபம் போன்ற கண்ணுடைய வீரமங்கை இருக்கிறார். சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்குத் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கைத்தறிப் புடவை விற்கும் இடத்துக்கு நம் பெண்ணின் பெயர் இருப்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அன்பினால் வரைந்த படமும் ஒருவரை அழித்துவிட முடியும். சிறைச் சோற்றில் நோயுற்றுக் குச்சியாய்ப் போன ஒரு சிறுமியைப் பார்க்க நமக்குத் தைரியம் இல்லாததால், தேவியாக்கித் தூரத்தில் வைத்துவிட்டோம். உங்கள் பட்டுத் துணிக்கும் இந்த ஆபத்து உண்டு.

1946இல் எடுத்த படங்களையும் தேடிப் பாருங்கள். இந்தியர் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்திய சட்டத்தை எதிர்த்து டர்பனில் கேல் தெருவும் அம்பிலோ சாலையும் சந்திக்கும் மூலையில் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். எடின்பரோவில் மருத்துவம் படித்துத் திரும்பிய டாக்டர் கூனம் போன்ற பெண்கள் முன்னணியில் நின்றார்கள். புடவை அங்கே அலங்காரத்துக்காக இல்லை. இன்னார் என்று எதிரிக்குத் தெரிவதற்காகத் தெரிந்தே உடுத்தியது.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கிட்டிஸ் ஸ்டூடியோ என்று ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் சிங்காரம் ஜீவரத்தினம் மூட்லி, நம்மவர், 1922இல் பிறந்து 1987இல் மறைந்தவர். நிறவெறிச் சட்டம் உச்சத்தில் இருந்த 1970களிலும் 80களிலும் அவர் கடைக்கு ஜூலு, இந்திய, கலப்பினக் குடும்பங்கள் எல்லாம் வந்து படம் எடுத்துக்கொண்டன. அவர் இறந்து நெடுநாள் கழித்து நெகட்டிவ்கள் வெளியே வந்தன. 2016இல் நியூயார்க்கில் வால்தர் புகைப்படத் தொகுப்பின் காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டன.

அந்தப் படங்களில் மணிக்கோவையும் பாரம்பரிய உடையும் அணிந்த பெண்கள் இருக்கிறார்கள். டக்கன்-குரோனின் படங்களிலும் மணிக்கோவை உண்டு. ஆனால் இங்கே அதைப் பையில் மடித்துப் பஸ்ஸில் கொண்டுவந்தது அந்தப் பெண்ணே. திரைக்குப் பின்னால் போய் உடுத்திக்கொண்டது அவர். காசு கொடுத்தது அவர். படம் சரியாக வரவில்லையென்றால் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவரும் அவர்தான். வேறு பெண்கள் குட்டைப் பாவாடையும் உயர்ந்த குதிகால் செருப்புமாக, இடுப்பில் கைவைத்து நிற்கிறார்கள். கிராமத்து வேரையும் நகரத்து ஆசையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்த கேமரா அது. இரண்டில் எது 'உண்மையான' ஆப்பிரிக்கப் பெண் என்று மூட்லி தீர்ப்புச் சொல்லவில்லை. ஸ்டூடியோக்காரர் தெரிந்தோ தெரியாமலோ காட்டிய அந்த மரியாதையை நான் பெரிய கலைக்கூடங்களில் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் கறுப்பினப் பெண்களுக்குக் கட்டாயமாக எடுக்கப்பட்ட இன்னொரு படமும் இருந்தது: பாஸ் புத்தகத்துக்கான முகப்படம். கறுப்பினத்தவரின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய அடையாளப் புத்தகம் அது, போலீஸ் கேட்டால் எடுத்து நீட்ட வேண்டியது. அந்தப் புத்தகத்தைப் பெண்கள் மீது திணித்ததை எதிர்த்துத்தான் 1956 ஆகஸ்ட் 9 அன்று ஏறக்குறைய 20,000 பெண்கள் பிரிட்டோரியா யூனியன் கட்டடத்துக்கு ஊர்வலம் போனார்கள். அரசுக்குக் காட்ட ஒரு முகம், தனக்காக ஒரு முகம் என்று வாழ்ந்தவர்கள், இரண்டாவதுக்குத்தான் இப்படிப்பட்ட ஸ்டூடியோக்களின் படியேறினார்கள்.

நம் வீடுகளிலும் ஸ்டூடியோப் படங்கள் உண்டு. என் பெரியம்மாவின் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கருப்பு வெள்ளையில் எடுத்து, பிறகு கையால் வண்ணம் தீட்டியது. கைக்கடிகாரம் ஸ்டூடியோவுடையது, ஓர் எண் பெரிதாகத் தளர்ந்து தொங்குகிறது. கைப்பை தங்கையுடையது. புடவைக் கரையில் வண்ணம் தீட்டியவர் வைத்த பொன்னிறம் ஓரிடத்தில் கோடு தாண்டி விரல் மேல் வழிந்திருக்கிறது. கடிகாரமும் கைப்பையும் பெரியம்மா தாமே விரும்பிக் கேட்டவை, அதில் எனக்குக் குறையில்லை. என்னை உறுத்துவது முகம். கழுத்தும் கையும் அவருடைய மாநிறத்தில் இருக்க, முகம் மட்டும் ரோஜா கலந்த வெள்ளையில் இருக்கிறது. அது யார் கேட்டது? யாரும் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். கல்யாண வயதுப் பெண்ணின் படத்துக்கு அப்படித்தான் தீட்டுவது என்று வழக்கமாகிவிட்டது.

அந்த வழக்கத்துக்குப் பின்னால் பெரிய வியாபாரம் இருந்தது. 1950கள் தொடங்கிப் பல்லாண்டுகள் இங்கே கறுப்பின, இந்திய வாசகர்களுக்கான இதழ்களில் சருமத்தை வெளுக்கும் களிம்பு விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வந்தன. அவற்றிலிருந்த ஹைட்ரோகுவினோன் என்னும் வெளுக்கும் வேதிப்பொருள் பல பெண்களின் கன்னத்தில் ஆறாத கருந்திட்டுகளை விட்டுச் சென்றது. தோல் மருத்துவர்களும் இயக்கத்தவர்களும் விடாமல் போராடி, 1990இல் தென்னாப்பிரிக்கா அத்தகைய களிம்புகளைத் தடை செய்தது. 'வெளுக்கும்' என்று விளம்பரம் செய்வதையே தடுத்தது. அப்படிச் செய்த முதல் நாடு இதுதான். சட்டம் வந்தும் கள்ளச் சரக்கு நிற்கவில்லை. இன்று கல்யாணப் புகைப்படக்காரர் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தி அதே வேலையைச் செய்கிறார். மணப்பெண்ணிடம் கேட்டுவிட்டுச் செய்கிறாரா என்று உங்கள் அக்காவைக் கேட்டுப் பாருங்கள்.

அதே 1950களின் 'டிரம்' இதழில் வேறு பெண்களும் இருந்தார்கள். ரியாசன் நாயுடு பிற்காலத்தில் அந்த இதழிலிருந்து இந்தியர் படங்களைத் தேடித் தொகுத்தபோது, மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய நம் பெண் ஒருவரும் வெளியே வந்தார். பாட்டிகள் எல்லாரும் தலை குனிந்தே வாழ்ந்தார்கள் என்று நம்மிடம் சொல்லி வளர்த்தவர்கள் இந்தப் படங்களை ஏனோ காட்டவில்லை. அழகிப் போட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆர்வமில்லை. 1997இல் இந்திய வம்சாவளிப் பெண் ஒருவர் முதன்முறையாக மிஸ் சவுத் ஆப்பிரிக்கா ஆனார். 2019இல் சோசிபினி டுன்சி ஒட்ட வெட்டிய சுருள்முடியோடு மிஸ் யுனிவர்ஸ் மேடையில் வென்றார். தேர்வாளர்கள் மனம் மாறியிருக்கிறது, அளக்கும் கோல் கைமாறவில்லை.

உங்கள் வேலைக்கு நேரடியாக உதவக்கூடியவர் தென்னாப்பிரிக்கச் சிற்பக் கலைஞர் மேரி சிபாண்டே. இளவயதில் ஆடை வடிவமைப்பாளராக விரும்பியவர். அவர் குடும்பத்தில் பாட்டி தலைமுறைகளும் தாயும் வீட்டுவேலை செய்தவர்கள். தம் உடலையே வார்த்தெடுத்து 'சோஃபி' என்னும் உருவத்தைச் செய்தார். வேலைக்காரியின் வெள்ளை ஏப்ரனும் தலைத்துணியும், அதோடு விக்டோரியா காலத்து ராணிகள் அணிவதுபோலத் தரையெல்லாம் பரவும் நீல கவுன். கண் மூடியிருக்கும். 2010இல் ஜோகன்னஸ்பர்க் கட்டடச் சுவர்களில் சோஃபியின் படம் மாபெரும் அளவில் தொங்கியது. பாருங்கள், அவர் பாட்டியின் முகத்தை எடுத்துத் துணியில் ஒட்டவில்லை. பாட்டிக்குக் கிடைக்காத ஆடையைத் தைத்தார். முகத்தைத் தம்முடையதாகவே கொடுத்தார்.

டர்பனை ஒட்டிய உம்லாசியில் பிறந்த சனேலே முஹோலி 2006 முதல் கறுப்பின லெஸ்பியன், திருநர் சமூகத்தவரின் உருவப்படங்களை எடுத்து வருகிறார். ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பே அந்த மனிதரின் பெயரும் இடமும் ஆண்டும்தான். படத்தில் இருப்பவர்களை மாடல் என்று அழைக்காமல் பங்கேற்பாளர் என்கிறார். உஷா சீஜரிம் என்பவரோ உடலையே காட்டாமல் இஸ்திரிப் பெட்டி, துடைப்பம், துணிக் கிளிப் ஆகியவற்றை வைத்துச் சிற்பம் செய்கிறார். வீட்டுவேலையின் பாரம் தெரிய முகம் தேவையில்லை என்பதற்கு அது சாட்சி.

இப்போது உங்கள் துணி. முகத்தைத் துணியில் போடுவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. தலைவர்கள் முகம் பதித்த துணியை உடுத்திக்கொண்டு பெண்கள் கூட்டங்களுக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அவர்கள் பெயர் தெரிந்தவர்கள், ஊரறிந்தவர்கள், பெருமைக்காகவே அச்சிடப்படுபவர்கள். பெயர் பறிக்கப்பட்ட பெண்ணுக்கு அந்த நியாயம் பொருந்தாது. தையல்காரராகவும் யோசியுங்கள். பெரிதாக அச்சிட்ட முகம் வெட்டும்போது எங்கே விழும்? மார்பின் மேலா, இடுப்பிலா, உட்காரும் இடத்திலா? மடிப்பில் கண் ஒன்று மறையும், பக்கத் தையலில் வாய் அறுபடும். பிறகு சோப்பு நீர், அயர்ன், ஒருநாள் குப்பை. உங்கள் பாட்டியின் பாட்டியே அது என்றால் வெட்டுவீர்களா?

ஆகவே முகத்தை அச்சிட வேண்டாம் என்பதே என் பதில். அவர் தாமே தேர்ந்தெடுத்ததை எடுத்துக்கொள்ளுங்கள். காப்புகளின் அடுக்கு, தண்டட்டியின் கோண வடிவம், தண்டையின் முறுக்கு ஆகியவை கைப்பகுதி எம்ப்ராய்டரிக்கும் கழுத்துப்பட்டைக்கும் அப்படியே பொருந்தும். வெள்ளி ஜரிகை நூல் கிடைக்காவிட்டால் சாம்பல் நிறப் பட்டு நூல் போதும். வேலைக்குப் போகும் பெண் புடவையை இழுத்துச் செருகும் விதத்தையும் பாருங்கள். கரும்பு வெட்டக் கால் தடுக்காமல் உடுத்திய கட்டு அது, நல்ல கால்சட்டை வடிவம் ஒன்று அதற்குள் இருக்கிறது. டர்பன் டெர்பி தெருவிலுள்ள 1860 பாரம்பரிய மையத்துக்கும், குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுதுலி ஆவண மையத்துக்கும் ஒருமுறை போய்வாருங்கள். வீட்டுப் பெட்டியில் நகையோ படமோ வைத்திருக்கும் மூதாட்டிகளிடம் கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள். தந்தால் அவர் பெயரையும் முன்னோர் பெயரையும், தெரிந்தால் கப்பல் பட்டியல் எண்ணையும், ஆடையின் உட்புறம் லேபிளில் நெய்து வையுங்கள். அஞ்சலட்டையைக் காட்சியில் வைத்தே ஆக வேண்டுமென்றால், அட்டை அளவிலேயே, தனியாக, ஒரு குறிப்போடு வையுங்கள்: இவர் பெயரை எடுத்தவர் எழுதவில்லை, கூடையும் திரையும் ஸ்டூடியோவுடையவை, நகை இவருடையதாக இருக்கலாம் என்று.

கடைசியாக, அந்த ஆடையை உடுத்தி நடக்கப்போகும் பெண்ணைப் பற்றி. அவரும் படம் எடுக்கப்படுவார், அந்தப் படமும் உலகம் சுற்றும். எந்தப் படம் எங்கே வெளியாகும் என்பதை முன்கூட்டியே எழுதிக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள், எடுத்த படங்களை அவருக்குக் காட்டி வேண்டாதவற்றை நீக்க விடுங்கள், நிறத்தில் கைவைக்க வேண்டாம் என்று புகைப்படக்காரரிடம் சொல்லிவிடுங்கள். மாணவர் காட்சிகளில் மாடல்களுக்குப் பஸ் கட்டணமும் சாப்பாடும் மட்டும் கொடுத்து அனுப்பும் பழக்கம் இருக்கிறது. உங்கள் செலவுக் கணக்கில், துணிக்கும் நூலுக்கும் முன்னால், அவர் ஊதியத்தை முதல் வரியாக எழுதுங்கள்.